குசினித் தரையில் இறங்கிய ஆத்தா

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு கோழி கோணலாக முட்டையிட்டால்கூட அதன் படம் முதலில் என் போனுக்குத்தான் வரும். கீழே ஒரே கேள்வி இருக்கும்: "டீச்சர், இது உண்மையா?"

நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறவள். ஒளித்தொகுப்பு, மின்சுற்று, கூட்டெரு என்று வருடா வருடம் அதே பாடங்கள். ஆனால் நான் பிறந்து வளர்ந்த லயத்து வரிசை வீடுகளின் வாட்ஸ்அப் குரூப்பில் எனக்கு இன்னொரு உத்தியோகம் இருந்தது. வருகிற புதினச் செய்திகளை எல்லாம் பார்த்துப் பொய் என்று சொல்வது. ஒரே சொல்லில் பதில் போடுவேன். "பொய்." ஏன், எப்படி என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க மாட்டேன். அந்தக் கடுகடுப்பில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நாளை நிலா இரண்டாகத் தெரியும் என்று வந்தது. பொய். நல்லதண்ணிப் பக்கம் ஆறு கால் ஆடு பிறந்திருக்கிறது என்று வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பின்னால் இன்னொரு ஆடு நின்றது. பொய். சென்னையிலிருந்து ஒரு பெரிய நடிகர் முகத்தை மூடிக்கொண்டு நுவரெலியாச் சந்தையில் லீக்ஸ் வாங்குகிறார் என்று வீடியோவோடு வந்தபோது, கொழுந்து பறிக்கப் போகாமல் பஸ் ஏறக் கிளம்பியவர்களை நான்தான் நிறுத்தினேன். அவர் ஏதோ ஒரு வங்கியில் வேலை செய்கிறவர் என்று மறுநாள் தெரிந்தது. நடையும் தலைமுடியும் மட்டும்தான் நடிகருடையவை.

ஒரே ஒரு முறை சறுக்கினேன். இறம்பொடைப் பக்கம் ஒரு சின்ன அருவியில் தண்ணீர் மேல்நோக்கிப் போகிறது என்று யாரோ எழுதினார்கள். கண்ணை மூடிக்கொண்டு "பொய்" என்று போட்டேன். அடுத்த மாதம் கண்டிக்குப் போகும்போது பஸ் யன்னலால் பார்க்கிறேன், மலை இடுக்கில் காற்று அடித்த அடியில் மெல்லிய அருவி ஒன்று அப்படியே மேலே சிதறிப் பறந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சீட்டில் இருந்தவர் கையைத் தட்டினார். நான் யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டேன். அதை இன்றுவரை குரூப்பில் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட எனக்கு வந்ததுதான் என் தங்கை வீட்டுக் குசினிச் சூடு.

தங்கை நாங்கள் பிறந்த அதே லயத்தில்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் தேயிலை பெக்டரியில் வேலை. சமைக்கக் குசினி போதவில்லை என்று அவர் பின்பக்கம் இரண்டு தகரத்தை இறக்கி, சரிவாகக் கிடந்த பள்ளத்தை நிரப்பி, மேலே மெல்லிசாக சீமெந்து பூசி ஒரு துண்டு இடம் எடுத்திருந்தார். பூசி மூன்று வாரம் ஆகியிருக்கும். விடாமல் மழை. ஒரு நாள் பின்னேரம் தங்கை போன் எடுத்தாள்.

"அக்கா, பூனை குசினிய விட்டு வரமாட்டேங்குது."

"அதுக்கு ஏன்டி எனக்கு போன்?"

"தரை சூடா இருக்குக்கா. அடுப்பே பத்த வைக்கல. ஈரத் துணிய விரிச்சிட்டுப் போனேன், வேலை விட்டு வந்து பாத்தா காஞ்சிருக்கு. இந்த மழையில!"

"பொய்" என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொந்தத் தங்கை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை போனேன். எங்கள் தோட்டத்துக் குளிர் தெரிந்தவர்களுக்குத்தான் நான் சொல்வது விளங்கும். ஆடி மாதத்தில் சீமெந்துத் தரையில் வெறும் காலை வைத்தால் பல் வலிக்கும். நான் செருப்பைக் கழற்றி அந்தப் புதுத் தரையில் காலை வைத்தேன். இளஞ்சூடு. அடை வைத்த கோழிக்கு அடியில் கையை விட்டால் இருக்குமே, அப்படி. சுவர் ஓரத்து வெடிப்பிலிருந்து மெல்லிய ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பூனை என்னைப் பார்த்துவிட்டு மறுபக்கம் புரண்டு படுத்தது.

தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகம் தந்தது. அவரை முட்டைக்கோவாத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனேன்.

"தம்பி, அந்தப் பள்ளத்த என்ன போட்டு நெரப்புனீங்க?"

"மண்ணுதான் அண்ணி."

"எந்த மண்ணு?"

அவர் கோவாவைப் பார்த்தார். கோவாவிலிருந்து ஒரு புழுவை எடுத்தார். அதை நசுக்கினார். பிறகு சொன்னார்.

"பெக்டரிக் கழிவுத்தூள்."

நான் திரும்பிக் குசினியைப் பார்த்தேன். தேயிலையைச் சலித்துத் தரம் பிரித்த பிறகு மிஞ்சுகிற நாரும் பஞ்சும் தூசும்தான் கழிவுத்தூள். வெளியே போனால் நல்ல தேயிலையில் கலந்து விற்றுவிடுவார்கள் என்று அதற்குக் கடுமையான காவல். ஒரு பிடிகூட வெளியே போகக் கூடாது. பெக்டரிக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைக்க வேண்டும், புதைத்ததாகக் கையெழுத்து வைக்க வேண்டும். புதைக்கிற வேலை இவருக்கு. குழிக்குப் போகிற பாதை எங்கள் லயத்தின் பின்னால் போகிறது. தேயிலை மலை மண்ணைத் தொட்டால் மலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா சத்தம் போடுவார். மண் எங்கே கிடைக்கும்? பன்னிரண்டு சாக்குத் தூள் குழிக்குப் போகாமல் குசினிக்கு வந்துவிட்டது.

"பொதைக்கத்தானே அண்ணி சொன்னாங்க. நானும் பொதைச்சேன். எடம் மட்டுந்தானே வேற."

"வேற என்ன போட்டீங்க?"

"இறுகட்டும்னு சாணி கரைச்சு ஊத்துனேன். அடியில சாக்க விரிச்சேன்."

"பெக்டரி பேர் அடிச்ச சாக்கா?"

அவர் கோவா இலையை விரித்தார். இன்னொரு புழுவைத் தேடினார்.

நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிற பாடம் அது. சேதனப் பொருள், சாணம், ஈரம், கொஞ்சம் காற்று. நுண்ணங்கிகள் தின்னத் தொடங்கும், மக்கி உரமாகிற குவியல் சூடாகும். பெண்சாதிக்கு ஒரு குசினி கட்டப் போய், என் பாடப் புத்தகத்தில் இருக்கிற அளவைவிடப் பெரிய கூட்டெருக் குழி ஒன்றைக் கட்டி, அதன் மேல் சீமெந்தும் பூசி வைத்திருந்தார் மனிதர். என் மாணவர்களில் ஒருவன்கூட இதுவரை இவ்வளவு அழகாகச் செய்ததில்லை.

ஆனால் வெளியே சொன்னால் அவர் வேலை அன்றைக்கே போகும். காம்பரா, அந்த லயத்து அறை வீடு, அவர் பேரில் பதிந்தது. தங்கை கொழுந்தெடுத்தாலும் பதிவில்லாத கூலி. வேலை போனால் வீடும் போகும், பூனையும் சேர்ந்து தெருவில் நிற்கும். என்னிடம் கேட்கிற ஒரு கேள்விக்கு எனக்கு முழு விடையும் தெரிந்திருந்தது அதுதான் முதல் தடவை. அதைத்தான் நான் வாய் திறந்து சொல்லக் கூடாது.

"இன்னும் கொஞ்ச நாள்ல தானா ஆறிரும். வெளிய மூச்சு விடாதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மூச்சு விட்டது அவர் அல்ல. பக்கத்துக் காம்பராக்காரி உப்பு வாங்க வந்து, காலை வைத்து, "ஆத்தா!" என்று கத்தியதில் லயம் முழுதும் கூடிவிட்டது.

எங்கள் லயத்தில் ஓர் ஆட்டோக்காரர் இருக்கிறார். ஆட்டோ ஓடுவது பாதி நேரம், சேனல் நடத்துவது மீதி நேரம். அவர் சேனலில் வராத செய்தி இல்லை. பாதை சரிந்தால் அவர்தான், நடிகர்களின் கலியாணம் என்றாலும் அவர்தான், செவ்வாய்க் கிரகத்தில் கரண்டி கிடக்கிறது என்றாலும் அவர்தான். எல்லாவற்றையும் ஒரே அவசரத்தில் சொல்லுவார். அன்று சாயங்காலமே அவர் தங்கை குசினியில் முழங்காலிட்டு, போனைத் தரைக்கு நேரே பிடித்துக்கொண்டு, "மக்களே, இந்தத் தரையில நான் இப்ப கைய வைக்கப் போறேன்" என்றார். கையை வைத்தார். சுடாத கையைச் சுட்டதுபோல உதறினார். அந்த உதறலை மட்டும் ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள் என்று பின்னால் என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

மறுநாள் மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, ஒரு விளக்கும் வைத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர்கூட வந்து தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "எதுக்கும் கரண்ட் வயர ஒருக்கா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்தக் கூட்டத்தில் விஞ்ஞானம் பேசிய ஒரே ஆள் அவர்தான். அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை.

குரூப்பில் முந்நூறு செய்திக்கு மேல். எல்லாம் ஒரே கேள்வி. டீச்சர், இது உண்மையா? டீச்சர், உங்க தங்கச்சி வீடுதானே? டீச்சர் ஏன் பேச மாட்டேங்குறாங்க?

நான் பேசவில்லை. பொய் என்றால், பிறகு எப்படிச் சுடுகிறது என்று கேட்பார்கள். உண்மை என்றால் என் பத்தொன்பது வருட டீச்சர் வேலைக்கு என்ன மரியாதை? மூன்று நாள் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அதுவே வினையாகிவிட்டது. "டீச்சரே ஒண்ணும் சொல்லல, அப்ப பாத்துக்குங்க" என்று ஒருவர் எழுதினார். அதற்கு எழுபது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் லயத்துப் படி ஏறும்போதே ஆட்டோக்காரர் போனை நீட்டிவிட்டார்.

"டீச்சர், விஞ்ஞானம் என்ன சொல்லுது?"

நான் தங்கை வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முன்திண்ணை இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன்.

அவ்வளவுதான். அந்த நான்கு சொல்லை வெட்டி எடுத்து, மெதுவாக ஓட விட்டு, பெரிய நடிகர்கள் படத்தில் கதவை உதைத்துக்கொண்டு வரும்போது போடுகிற மாதிரி ஒரு முழக்கத்தைப் பின்னால் போட்டு, என் தலையைச் சுற்றி நெருப்பும் வைத்து விட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிவிட்டிருந்தான். திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனால் ஆசிரியர் அறையில் கணித ஆசிரியரின் போன் அடிக்கிறது: "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது!" தடதடவென்று முழக்கம். அதிபர், வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "நல்லா வந்திருக்கு மிஸ்" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் அந்த வாரம் கூட்டெருப் பாடம். அதைத் தள்ளிவிட்டு ஒளித்தெறிப்பு நடத்தினேன்.

இதற்கிடையில் வாசம் வேறு கிளம்பியது. வெடிப்பிலிருந்து வருகிற ஆவியில் ஒரு புளிப்பு மணம். ஒருத்தி சந்தனம் என்றாள். இன்னொருத்தி தாழம்பூ என்றாள். எனக்கு அது என்ன வாசம் என்று தெரியும். அந்தத் தோட்டத்தில் என்னைவிட நன்றாக அதைத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். பெக்டரி டீமேக்கர் ஐயா.

தேயிலையை எப்போது உலர்த்துவது, எப்போது இறக்குவது என்பதை மணத்தை வைத்தே சொல்லுகிறவர் அவர். பெக்டரிப் படியில் ஏறும்போதே உள்ளே என்ன பிழை என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கும்பிட வருகிறார் என்று செய்தி வந்ததும் தங்கை வீட்டுக்காரர் எனக்கு போன் எடுத்தார். "அண்ணி, வாங்க" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

போய் நான் என்ன செய்வது? போனேன். வேப்பிலைக்குப் பக்கத்தில், என்ன செய்வதென்று தெரியாமல், விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டு நின்றேன்.

டீமேக்கர் ஐயா பட்டுச் சால்வையோடு வந்தார். வாசலிலேயே நின்றார். மூக்கு இரண்டு முறை விரிந்தது. உள்ளே வந்தார். கும்பிட்டார். முழங்காலிட்டார். வெடிப்புக்கு நேரே குனிந்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்தார். நீளமான மூச்சு. தங்கை வீட்டுக்காரர் இரண்டு கையையும் கூப்பியிருந்தார். ஆத்தாவைக் கும்பிடுகிறாரா டீமேக்கரைக் கும்பிடுகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

ஐயா கண்ணைத் திறந்தார். முதலில் தங்கை வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

எழுந்தார். மஞ்சளைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"நம்ம தேயில வாசம் அடிக்குது" என்றார் உரக்க. "நம்ம ஆத்தா, நம்ம மண்ணுல நம்ம தேயில வாசத்தோட வந்திருக்கா."

கூட்டம் குலவை போட்டது. ஆட்டோக்காரருக்குப் புல்லரித்துவிட்டது, கையைத் திருப்பிப் போனுக்கே காட்டினார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

பிறகுதான் விளங்கியது. புதைத்ததாகக் கையெழுத்து வைத்தவர் டீமேக்கர் ஐயா. குழியைப் போய்ப் பார்க்காமலே வைத்த கையெழுத்து. தூள் குசினியில் இருக்கிறது என்றால் இவரும் போக வேண்டியதுதான். கிளம்பும்போது என்னைத் தண்ணீர்ப் பீலிப் பக்கம் வரச் சொன்னார்.

"டீச்சர், இது எத்தன நாளைக்கு இப்பிடியே இருக்கும்?"

"இன்னும் மூணு நாலு வாரம் இழுக்குங்க."

"அவ்வளவு நாள் தாங்காது டீச்சர். எனக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருசந்தான் கெடக்கு." சால்வையைக் கையில் சுருட்டினார். "படிச்சவங்க நீங்க. ஏதாச்சும் செய்யுங்க."

அவர் முன்னால் நான் எப்போதும் நின்றுதான் பேசியிருக்கிறேன். என் அப்பாவும் அப்படித்தான். அந்த மனிதர் என்னிடம் கெஞ்சியது எனக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை.

அன்றைக்கே ஆட்டோக்காரர் அடுத்த குண்டைப் போட்டார். ஆத்தா சும்மா வரமாட்டாள், கீழே சிலை இருக்கிறது, வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் தரையை உடைத்து எடுப்பது என்று சேனலில் அறிவித்துவிட்டார். உடைக்கிற இரும்பு அலவாங்கு தயார். நேரலை வேறு. சிலை எங்கே வரும்? பெக்டரி பேர் அடித்த சாக்குத்தான் வரும், ஊர் உலகம் பார்க்க.

தங்கை வீட்டுக்காரர் சாப்பிடுவதை விட்டுவிட்டார். தங்கை மட்டும் ஒன்றும் நடக்காதவள்போல் இருந்தாள். வேலை விட்டு வந்ததும் விளக்கேற்றிவிட்டு, அந்தத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஒட்ட வைத்துக்கொள்வாள். கும்பிடுவதாக நான் நினைத்தேன். அவள்மேல் எரிச்சலாகக்கூட வந்தது.

என்ன செய்யலாம் என்று யோசித்துப் பார்த்தேன். குவியல் சூடாக வேண்டுமானால் காற்று வேண்டும். இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால் அந்த நுண்ணங்கிகளுக்கு மூச்சு இருக்காது, சூடு அடங்கிவிடும். ஆனால் ஒரு குடம் இரண்டு குடம் போதாது, வெள்ளமாக விட வேண்டும். ஊரே கும்பிடுகிற இடத்தில் நான் போய்க் குழாயைப் பிடித்தால் என்னையே உடைத்துவிடுவார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மை கண்டால் என்ன செய்கிறோம்? திருவிழா முடிந்தால் என்ன செய்கிறோம்? ஆத்தா சூடாக இருந்தால் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கிறதுதானே வழக்கம்? எனக்கு வேண்டிய தீர்வு என் சனத்திடம் எப்போதோ இருந்தது. யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. தோட்டத்துக் கோயில் பூசாரி வெளியூர் போயிருந்தார். டீமேக்கர் ஐயா சொன்னால் மேலதிகாரிகள் காதுக்குப் போகும். மீதி இருந்தது நான்.

திங்கட்கிழமை பின்னேரம் நானே ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். சேலையைச் சரி செய்துகொண்டேன். போனைப் பார்த்து, என் வாயால், இப்படிச் சொன்னேன்:

"ஆத்தா கோவமா இருக்கா. அதான் கொதிக்கிறா. சூடா இருக்கயில தோண்டுனா ஆகாது. மொதல்ல அவள குளிர வைக்கணும். நூத்தியெட்டுக் கொடம் தண்ணி ஊத்தணும். மூணு நாளைக்கு ஊத்தணும்."

ஆட்டோக்காரர் வாயைப் பிளந்தார். "டீச்சர்... விஞ்ஞானம்?"

"விஞ்ஞானமும் இதத்தான் சொல்லுது" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் அது மட்டும் பொய் இல்லை.

பிறகு நடந்ததை நிறுத்த யாராலும் முடிந்திருக்காது. வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்திலிருந்தே நேரே குடத்தோடு வந்தார்கள். பீலியிலிருந்து குசினிவரை பெண்கள் வரிசை. மஞ்சள் தண்ணீர், இளநீர், ஒருவர் சோடாகூட ஊற்றினார். டீமேக்கர் ஐயா தன் பங்குக்கு பெக்டரி ஹோஸை அனுப்பிவைத்தார், "ஆத்தாவுக்கு என் காணிக்கை" என்று. தண்ணீர் வெடிப்புக்குள் குபுகுபுவென்று இறங்கியது. கீழே கோவாத் தோட்டத்தில் தேத்தண்ணி நிறத்தில் கசிந்து வந்ததைப் பார்த்த தங்கை வீட்டுக்காரர், அங்கேயே நின்று பகல் முழுதும் மண்வெட்டியால் மண்ணை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். பக்திக்காரர் என்று அவருக்கு நல்ல பேர் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். அலவாங்கைச் சந்தனம் பூசிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். ஆட்டோக்காரர் நேரலையைத் தொடங்கி, முழங்காலிட்டு, கையை வைத்தார். இந்த முறை உதறவில்லை. அப்படியே வைத்திருந்தார். இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தார்.

"சில்லுன்னு இருக்கு மக்களே" என்றார் மெதுவாக.

கூட்டம் முணுமுணுத்தது. ஓர் அலவாங்குக்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். டீமேக்கர் ஐயாவைக் காணவில்லை, தங்கை வீட்டுக்காரர் தூணோடு தூணாகிவிட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என் தங்கைதான் திறந்தாள்.

"குளுந்து போனவள எழுப்பாதீங்க" என்றாள். "அவ வந்த வேல முடிஞ்சிருச்சு."

அவள் குரலில் இருந்த துக்கத்தைக் கேட்டு அலவாங்குக்காரர் தானாகவே பின்வாங்கினார். மூத்த பெண்கள் இரண்டு பேர் அழுதார்கள். தோண்டவில்லை. பத்து நாளில் வேறொரு தோட்டத்தில் மூன்று தலை வாழைப்பூ பூத்துவிட்டது, சேனல் அங்கே போய்விட்டது. வேலையும் தப்பியது, வீடும் தப்பியது. டீமேக்கர் ஐயா இப்போது கழிவுத்தூள் குழிக்குப் போகும்போது தானே கூடப் போகிறாராம்.

எனக்குத்தான் குரூப்பில் உத்தியோகம் மாறிவிட்டது. இப்போது யாரும் உண்மையா என்று கேட்பதில்லை. பால் காய்ச்ச நல்ல நேரம் கேட்கிறார்கள். பொய் என்று போட்டாலும், "டீச்சர் சோதிக்கிறாங்க" என்று கும்பிடு போடுகிறார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனபோது அவள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, பிள்ளைகள் பிடிப்பதுபோல் தூக்கிக் குடித்தாள்.

"எப்ப இருந்து இப்பிடி?"

"நாலஞ்சு வருசமா இருக்குக்கா. மழைக் காலத்துல கூடும். அந்த ஒரு மாசந்தான் இல்ல. வந்து கைய தரையில வச்சா போதும், விரல் ஒண்ணொண்ணா விடும். காலம்பற கொழுந்துக்குப் போகயில கை நம்ம கையாட்டம் இருக்கும்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அவள் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் ஞாபகம் வந்தன. நான் எரிச்சல்பட்டதும்தான்.

"சின்னவளே, கீழ என்ன கெடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதா? ஒவ்வொரு சாக்குக்கும் ஒரு பக்கம் பிடிச்சது நான்தானே." சிரித்தாள். "தேயிலதான் கெடந்துச்சு. ஆனா பெக்டரியில அத்தனை தேயில கெடக்கு, அதெல்லாம் சூடாவா இருக்கு? நான் தெனம் கேட்டேன்க்கா. ஆத்தா, கை மடங்க மாட்டேங்குது, கொஞ்சம் சூடு குடுன்னு. குடுத்தா."

என்னிடம் விடை இருந்தது. சாணம், ஈரம், காற்று, நுண்ணங்கிகள். சொல்லவில்லை. அவள் கேட்டு வாங்கியதை நூற்றெட்டுக் குடம் ஊற்றி அணைத்தது நான் என்பதையும் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். கீழே உள்ள தண்ணீர் வடிந்து, மறுபடி காற்றுப் புகுந்தால், மிச்சம் இருக்கிறது திரும்பவும் சூடாகலாம். சூடானால் ஆட்டோக்காரர் வருவார், அலவாங்கு வரும், வேலை போகும், வீடு போகும். சூடாகாவிட்டால் அவள் கை இப்படியே கிடக்கும். அதனால் இப்போதெல்லாம் அவள் வீட்டுக்குப் போகும்போது, யாரும் பார்க்காத நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் காலை வைத்துப் பார்க்கிறேன். எதை எதிர்பார்த்து வைக்கிறேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

போன வாரமும் வைத்தேன். இளஞ்சூடாக இருந்தது.

பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னை அறியாமல் குனிந்து உள்ளங்கையை வைத்துவிட்டேன், "ஆத்தா" என்றும் வாயில் வந்துவிட்டது.

அடுப்புப் பக்கமிருந்து தங்கை திரும்பிப் பார்த்தாள்.

"அது இல்லக்கா" என்றாள். "இப்பத்தான் தண்ணி கொதிச்ச கேத்தல அங்க வச்சு எடுத்தேன்."

நான் கையை எடுக்கவில்லை. அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தரை ஆறுவதற்குள் தன் கையையும் வைத்துக்கொண்டாள்.